தெற்குச் சுவரில் ஈரம்

"குடையை மடக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு?"

நேவியா சத்தமாகவே கேட்டுவிட்டாள். பஸ்ஸில் நாலைந்து தலைகள் திரும்பின.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனின் பெரிய கறுப்புக் குடை, அவள் மடியில் விரித்து வைத்திருந்த புகைப்படங்கள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ரியேக்கா துறைமுக நகரத்தில் நவம்பர் மழை. கடலில் இருந்து தெற்குக் காற்று அதை அள்ளி வந்து பஸ் கண்ணாடியில் அறைந்தது.

"ஐயோ... மன்னிச்சுக்குங்க..."

அவன் பதறிப்போய்க் கழுத்துத் துணியால் துடைத்தான். அந்தத் துணியும் நனைந்திருந்தது. படம் இன்னும் கெட்டது.

"விடுங்க! தொடாதீங்க. தயவுசெஞ்சு..."

அவன் கையை எடுத்துக்கொண்டான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. படத்தில் ஒரு படுக்கையறைச் சுவர். பால்கனிக் கதவை ஒட்டிப் பழுப்பாக, வரைபடத்துத் தீவு மாதிரி ஒரு கறை.

"இது கூரைத் தண்ணி இல்லைங்க," என்றான் மெதுவாக. "கீழேர்ந்து ஏறுது. கதவு நிலைக்கு அடியில..."

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

"இல்லை."

"அப்புறம்?"

"பழக்கம்..." அவன் சிரித்தான்.

நேவியா முதலில் பார்த்தது அவன் பற்களைத்தான். பல் கட்டும் கூடத்தில் பதினாறு வருஷ வேலை. முகமே தெரியாத மனிதர்களுக்கு அச்சைப் பார்த்துப் பார்த்துப் பல் செய்கிறவள் அவள். இவனுக்கு மேல் வரிசையில் ஒரு பல் லேசாகப் பக்கத்துப் பல் மேல் சாய்ந்திருந்தது. திருத்தாமல் விட்டிருக்கிறான்... அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் கண்கள். மழைக்கு முந்தைய கடலின் சாம்பல் நிறம். பார்த்தால் பார்த்த இடத்திலேயே நின்றுவிடுகிற கண்கள்.

சே... என்ன இது? அவள் படங்களை அடுக்கிப் பைக்குள் திணித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஸ்தாவ் மேட்டில் இறங்கும் வரை திரும்பவில்லை. ஆனால் கண்ணாடியில் அவன் நிழல் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால்... அதே குடை. இந்தத் தடவை ஒழுங்காக மடக்கப்பட்டு, வாசலுக்கு வெளியே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவனுக்குப் பின்னால், இந்த வீட்டைக் கட்டிய கம்பெனியின் மேற்பார்வையாளர் ஜெர்கோ, தொப்பை முன்னால் நிற்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சமரச மையத்திலேர்ந்து அனுப்பியிருக்காங்க," என்றான் அவன். "ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான பொறியாளர். என் பேர் சில்வானோ." ஜெர்கோவைத் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணு சொல்லிடணும். நேத்து இவங்களை பஸ்ல சந்திச்சேன். யார்னு தெரியாம ரெண்டு வார்த்தை பேசிட்டேன். உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா வேற ஆளைப் போடச் சொல்லலாம்."

ஜெர்கோ புருவத்தைத் தூக்கினார். "மேடம் உங்களைத் திட்டினாங்களா?"

"திட்டினாங்க."

"நல்லா?"

"நல்லாவே."

"என்னையும் ரெண்டு வருஷமா திட்டுறாங்க. அப்ப நீங்க நடுநிலைதான். உள்ளே போங்க."

நேவியாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

அந்த வீடு அவளுக்கு வெறும் வீடு அல்ல. தலைநகர் ஸாக்ரெப்பில் ஆறு வருஷம் கணவன் வீட்டில் இருந்தாள். எந்த அலமாரியை எங்கே வைப்பது என்றுகூட அவளை யாரும் கேட்டதில்லை. விவாகரத்து ஆனதும் இரண்டு பெட்டியோடு ஊர் திரும்பி, இந்தச் சின்ன வீட்டை வாங்கினாள். அவள் பெயரில் இருந்த முதல் சுவர்கள். முதல் மழையிலேயே அதில் ஒன்று நனைந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். கட்டிய கம்பெனி பொறுப்பேற்க மறுத்ததால்தான் விஷயம் சமரச மையம் வரை போயிருந்தது.

சில்வானோ முழங்கால் போட்டு உட்கார்ந்து கதவு நிலையைத் தட்டிப் பார்த்தான். சுவரில் உள்ளங்கையை வைத்தான். நோயாளியின் நெற்றியில் வைப்பது போல... அவ்வளவு மெதுவாக. நேவியா ஏனோ வேறு பக்கம் பார்த்தாள்.

"காபி போடட்டுமா?"

"வேண்டாங்க."

"ஜெர்கோ குடிக்கிறாரே..."

"அவர் ஒரு கட்சி. நான் ரெண்டு கட்சிக்கும் நடுவுல. இங்க தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

ஜெர்கோ கிளம்பிப் போனதும் அவன் வாசற்படியில், கூரை விளிம்புக்கு அடியில் உட்கார்ந்து, தன் குடுவையில் இருந்து எதையோ ஊற்றிக் குடித்தான். சாரல் தோளில் விழுந்தது. சமையலறை ஜன்னலில் இருந்து நேவியா பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன மனுஷன் இவன்... உள்ளே ரெண்டு நாற்காலி காலியாக இருக்கிறது.

இரண்டாவது தடவை அவன் கொட்டும் மழையில் வந்தான். நீர் வரும் வழியைப் பார்க்க மழைதான் வேண்டும் என்றான். மூன்றாவது தடவை ஒரு சனிக்கிழமை. ஜெர்கோவுக்கும் தகவல் சொல்லியிருந்தான், காய்ச்சலால் அவர் வரவில்லை.

"பால்கனியில் இந்த வெயில் மறைப்புத் துணி... கொக்கி அடிச்சது யாரு?"

"நான்தான். முதல் கோடையில. நானே துளை போட்டேன்." அவள் குரலில் கொஞ்சம் பெருமை.

"ரெண்டு நாற்காலி போட்டிருக்கீங்க."

"ஆமா."

"யாராவது வருவாங்களா?"

"வருவாங்கன்னு நினைச்சுப் போட்டேன்."

அவன் தலையாட்டினான். பிறகு குறிப்பேட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "வருஷத்துக்கு இருநூறு வீட்டுக்குள்ள போறேன். எந்த வீட்டுல குழந்தை சுவத்துல கிறுக்கியிருக்கு, எந்த வீட்டுல பாத்திரம் பறந்திருக்கு... எல்லாம் தெரியும். என் அறைச் சுவர் என்ன நிறம்னு கேட்டா மட்டும் யோசிக்கணும்."

"என்ன நிறம்?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். "...மஞ்சள்னு நினைக்கிறேன்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது அறையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவன் எழுந்து, தேவையில்லாத அவசரத்தோடு கோட்டை மாட்டிக்கொண்டான்.

டிசம்பரில் சமரச மையத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டது. நீண்ட மேஜை. ஒரு பக்கம் நேவியா தனியாக. எதிரே ஜெர்கோவும் கம்பெனி வக்கீலும். நடுவில் சில்வானோ. அவளைப் பார்க்காமல் வாசித்தான்.

கதவு நிலைக்கு அடியில் நீர்த்தடுப்புத் தகடு பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. கட்டியவர் குறை. அதுவே சேதத்துக்கு முக்கியக் காரணம், பத்தில் எட்டுப் பங்கு. மீதி இரண்டு பங்கு, வீட்டுக்காரர் பிற்பாடு அடித்த கொக்கித் துளைகள் வழியே இறங்கும் நீர்.

நேவியாவின் காது சூடாயிற்று. வீட்டுக்காரர்... நான்! சிரிக்கச் சிரிக்கக் கேட்டுவிட்டு, அதையே எழுதி வைத்திருக்கிறான்!

"கொக்கி யாரு அடிச்சதுன்னு பேச்சுவாக்குல கேட்டது இதுக்குத்தானா?"

"அது என் வேலைங்க..."

"நாற்காலியைப் பத்திக் கேட்டதும் வேலைதானா? அதையும் எழுதிட்டீங்களா?" அவள் எழுந்துவிட்டாள். "கம்பெனிக்காரங்க உங்களை எப்பவோ வளைச்சுப் போட்டுட்டாங்க. நான்தான் முட்டாள்."

சில்வானோவின் முகம் வெளுத்தது. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் காகிதங்களை ஓரம் ஒத்து அடுக்கினான். "அறிக்கையில தப்பு இருந்தா எழுத்துல ஆட்சேபம் கொடுக்கலாம்," என்று மட்டும் சொன்னான்.

அவள் ஆட்சேபம் கொடுக்கவில்லை. சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். பிப்ரவரிக்குள் கம்பெனி தன் செலவில் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும், துளைகள் உட்பட; அவளுடைய இரண்டு பங்குக்குக் கம்பெனி பணம் கேட்கவில்லை. வழக்கு முடிந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஜெயித்த மாதிரியே இல்லை.

பிப்ரவரியில் ஆட்கள் வந்தார்கள். கதவு நிலையைப் பெயர்த்தார்கள். ஒருவன் ஏணியில் ஏறிக் கொக்கியைப் பிடுங்கினான். துளையில் இருந்து துருப்பிடித்த நீர் கோடாக வழிந்து இறங்கியது.

"பாத்தீங்களா மேடம்," என்றார் ஜெர்கோ. இப்போது வழக்கு இல்லாததால் அவர் பேச்சில் நட்பு வந்திருந்தது. "இப்பத்தான் சொல்றேன். அந்தக் கொக்கி எங்க வக்கீலுக்கு முதல்லயே தெரியும். படம் எடுத்து வெச்சிருந்தார். பொறியாளர் அதை எழுதாம விட்டிருந்தா, இவர் வீட்டுக்காரம்மாவுக்குச் சாதகமா மறைச்சிட்டார்னு சொல்லி அறிக்கையையே தூக்கிக் குப்பையில போட்டிருப்போம். மொத்தக் குத்தமும் உங்க தலையில விழுந்திருக்கும். அந்த ரெண்டு பங்குதான் உங்களைக் காப்பாத்துச்சு."

"அவர் ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லக் கூடாதே. நடுவுல நிக்கிறவர்." ஜெர்கோ மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு நீங்க பேசினதுக்கு அப்புறம் படிக்கட்டுல உக்காந்துட்டார் மனுஷன். நான்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன்."

மார்ச்சில் மறுபடி தெற்குக் காற்று பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நேவியா ஒவ்வொரு மணிக்கும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வெள்ளையாக, வெதுவெதுப்பாக, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல்.

சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா? அவள் மொச்சை சூப் சுட வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அது உறைத்தது... இந்த இரண்டு வருஷத்தில் இந்த வீட்டு மணியை அடித்தவர்கள் எல்லாம் ஈரத்துக்காக வந்தவர்கள். ஜெர்கோ, வண்ணம் அடிக்கிறவர், வக்கீல் அனுப்பிய ஆள், அவன்... ஈரம் போயிற்று. இனி மணி அடிக்காது. திங்கள் அடிக்காது. செவ்வாய் அடிக்காது. கோடையிலும் அடிக்காது.

சூப் ஆறி மேலே ஆடை படர்ந்தது. அவள் கரண்டியைக்கூட எடுக்கவில்லை.

போன் செய்யலாமா? என்ன சொல்வது? எழுதலாமா? மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தாள். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை இவ்வளவு கனக்குமா? நான் ஏன் போகணும், அவன் வரட்டுமே... என்று ஒரு பக்கம். அவன் எந்த முகத்தோடு வருவான், அவனை அப்படிப் பேசியது நீதானே... என்று இன்னொரு பக்கம்.

ஞாயிறு மத்தியானம் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வோலோஸ்கோ துறைமுகத்தில், படகுக் கொட்டகைக்கு மேலே அவன் அறை என்று ஜெர்கோ சொல்லியிருந்தார்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகில் சாய்ந்து நின்று, அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூறல் விழுந்தது. தலையில் ஒன்றும் இல்லை.

"நனையறீங்க."

அவன் திரும்பினான். அந்தச் சாம்பல் கண்கள் ஒரு கணம் நம்பவில்லை. "நீங்களா... சுவர்? மறுபடி ஒழுகுதா?"

"இல்லை. சுவர் காஞ்சிருக்கு."

"அப்புறம்..."

"மன்னிப்புக் கேக்க வந்தேன்." ஒரே மூச்சில் சொன்னாள், இல்லாவிட்டால் திரும்பி ஓடிவிடுவாள். "நான் பேசினது தப்பு. நீங்க ஒருத்தர்தான் எங்கிட்ட நேர்மையா இருந்தீங்க. உங்களைப் போய்..."

அலை வந்து கல்லில் மோதி, திரும்பிப் போயிற்று.

"முழு நேர்மைன்னு சொல்ல முடியாதுங்க," என்றான் கடைசியில்.

அவள் நிமிர்ந்தாள்.

"கொக்கியை ரெண்டாவது தடவை வந்தப்பவே பாத்துட்டேன். வேணும்ங்கிற அளவெல்லாம் எடுத்துட்டேன். அடிச்சது யாருன்னு போன்லயே கேட்டிருக்கலாம், மூணாவது தடவை வர வேண்டிய அவசியமே இல்லை." அவன் காது மடல் சிவந்தது. "மறு சோதனைன்னு எழுதி வெச்சேன். இருபது வருஷத்துல நான் எழுதின ஒரே பொய்."

"ஏன்..."

"உங்க குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான். வழக்கு முடியட்டும், போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னதும்... பாதி உண்மைதானேன்னு பட்டுச்சு. வளைஞ்சுதான் போயிருந்தேன். கம்பெனி பக்கம் இல்லை... உங்க பக்கம். அதனாலதான் அந்த ரெண்டு பங்கை நாலு தடவை சரிபாத்தேன்."

நேவியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கன்னத்தில் வழிவது மழை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டாள்.

"எனக்கு வீட்டுல பேச யாரும் இல்லை," என்றாள். "அந்தச் சனிக்கிழமை நீங்க போனப்புறம் நான் தனியா பேசிட்டே இருந்தேன்... உங்ககிட்ட. இன்னும் பேசிட்டுத்தான் இருக்கேன். தினமும். பைத்தியம்னு நினைச்சாலும் நினைச்சுக்குங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவன் கையை நீட்டினான். பாதி வழியில் நிறுத்தினான், இன்னும் அனுமதி கேட்பவன் போல. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மழையில் நனைந்திருந்தும் அது சூடாக இருந்தது.

"நேவியா..." பெயர் சொல்லி அவன் அழைத்தது அதுதான் முதல் தடவை. "தினமும் என்னங்க பேசுவீங்க எங்கிட்ட?"

"முதல்ல இந்த 'ங்க'வை விடு," என்றாள் அவள். "அப்புறம் ஒவ்வொண்ணா சொல்றேன். சாயங்காலம் வரைக்கும் ஆகும்... உனக்கு வேலை ஏதும் இருக்கா?"

"இல்லை," என்றான் சில்வானோ. "எதுவும் இல்லை... நீ சொல்லு."