கப்பலில் வந்த தாய்ப்பூஞ்சை

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும், செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் நானூறு பேரும் உடையைக் களைந்துவிட்டு, அவரவர் அறையின் ஊதா விளக்குக்கடியில் கைகளைத் தூக்கியபடி பன்னிரண்டு நிமிடம் நின்றார்கள். ஒளிக்குளியல் என்று அதற்குப் பெயர். அது முடிந்ததும் கிருமிமருந்தில் ஊறிய கொல்லித்துணியை எடுத்து நாலு சுவரையும் துடைத்தாக வேண்டும். ஒரு புள்ளி கறை இருந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

அமலோற்பவம் மகளின் கட்டிலுக்குப் பின்னால் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனியன் பிடித்த பழுப்புக் கறை, எத்தனை தேய்த்தாலும் இரண்டே நாளில் அதே இடத்தில் எட்டிப் பார்க்கும். ஒன்பது வயது அருளி கட்டிலில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தாள். நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கதைதான்.

காரணம் அமலோற்பவத்துக்குத் தெரியும். குடியிருப்பின் ஒரே பூஞ்சை ஆய்வாளர் அவள்தான். மூன்று வேளையும் எல்லோரும் தின்பது பூஞ்சைப்பாளம். தொட்டியில் வளர்த்து, அழுத்தி, துண்டு போட்டது. நாற்பது வருடமாக நகலுக்கு நகல் எடுத்ததில், தசைக்கு வலுவூட்டும் சத்தைச் செய்கிற மரபணுவை அந்தப் பூஞ்சை எங்கேயோ தொலைத்துவிட்டது. ருசியும் போச்சு, மணமும் போச்சு. பழைய தாய்ப்பூஞ்சை கிடைத்தால் எல்லாம் திரும்பும். பூமியின் பூஞ்சைக் காப்பகத்துக்கு மூன்று வருடம் எழுதி எழுதிக் கை ஓய்ந்தாள். கடைசியில் மனம் இரங்கி ஒரு குப்பி அனுப்பினார்கள். கப்பல் கிளம்பிய நாளிலிருந்து ஆய்வகச் சன்னலில் நின்று வானத்தில் பூமி என்கிற அந்தச் சின்ன நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருளி ஓடுவதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவள் நெஞ்சு ஏங்கியது.

கப்பல் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. சுகாதார அதிகாரி இருளப்பன் தானே தட்டில் வைத்துக் குப்பியை எடுத்துவந்தார்.

“இந்தாங்க டாக்டரம்மா. சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க.”

“ஏன் சார் சூடா இருக்கு?”

“கிருமி கொல்ற கதிர்ப்பெட்டியில இருந்து இப்பத்தான் எடுத்தேன். வெளியில இருந்து எது வந்தாலும் ஒரு மணி நேரம்னு சட்டம். இது பூமிச் சரக்காச்சே, மரியாதைக்கு ரெண்டு மணி நேரமா வச்சேன்.”

அமலோற்பவம் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “அது உசுருள்ளது சார்,” என்றாள். “கொன்னுட்டீங்களே.”

வெகுநேரம் கழித்துத்தான் குப்பியோடு வந்த கடிதத்தைப் பிரித்தாள். ‘எங்களிடமிருந்த மூலப் பூஞ்சை அழிந்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் குடியிருப்பு, சுவரில் படரும் பழுப்புக் கறையை ஒழிப்பது எப்படி என்று கேட்டு ஒரு துணுக்கு அனுப்பியிருந்தது. முதல் தொட்டிகளிலிருந்து தப்பிய தாய்ப்பூஞ்சைதான் அது. தன் பாட்டுக்கு வளர்ந்ததால் மரபணு முழுதாக இருக்கிறது. அதையே அனுப்பியுள்ளோம்.’

எத்தனையோ பூஞ்சைகளை உருப்பெருக்கியில் பார்த்தவள், வீட்டுச் சுவரில் இருந்ததை மட்டும் பார்த்ததில்லை. கறை என்றால் துடைப்பது, அவ்வளவுதான். அடித்துப் பிடித்து அறைக்கு ஓடினாள். சுவர் பளிச்சென்று இருந்தது. காலையில் அவள் துடைத்த துடைப்பு அப்படி. மற்ற அறைகளிலும் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. மறுபடி முளைக்கும்வரை இரண்டு நாள் காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். எல்லோர் அறையையும் சோதிப்பவர் இருளப்பன். அவர் அறையைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? அங்கே போய்ச் சட்டப்புத்தக அலமாரியை நகர்த்தியதும், பின்னால் பழுப்பாக, உள்ளங்கை தடிமனில், கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. அவர் வெட்கப்பட்டுக் கொல்லித்துணியை எடுத்தார். அமலோற்பவம் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு வாரத்தில் புதுப் பாளம் தயாரானது. ஆய்வகமே மணத்தது. ஆனால் ஒருவரும் தொடவில்லை.

“செவுத்து அழுக்கையா திங்கச் சொல்றே?” என்று அருளியே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

அமலோற்பவம் யோசித்தாள். பிறகு சுவர்ப் பாளத்தைக் கொட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு, செத்துப்போன குப்பியின் சீட்டைப் பார்த்து அதேபோல் நானூறு அடித்து, ஒவ்வொரு தட்டிலும் ஒட்டினாள்: ‘பூமியிலிருந்து வந்தது.’ மறுநாள் உணவுக்கூடத்துக்கு வெளியே வரிசை வளைந்து நின்றது. முந்தின நாள்வரை மூக்கைப் பிடித்தவர்கள் இரண்டாவது தட்டுக்குச் சண்டை போட்டார்கள். அருளி மூன்று துண்டு தின்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், கட்டிலில் உட்கார்ந்து, ராத்திரி மிச்சம் வைத்த தட்டை வழித்து நக்கியபடி அருளி கேட்டாள். “பூமி இப்படித்தான் மணக்குமாம்மா?”

“ம்.”

“ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போறியா?”

“போலாம்மா,” என்றாள் அமலோற்பவம், மகளின் தலைக்குப் பின்னால் சுவரில் புதிதாக எட்டிப் பார்த்த பழுப்புப் புள்ளியைப் பார்த்தபடி.

சங்கு ஊதியது. ஒளிக்குளியல் முடிந்ததும் அருளி அறையின் கோடிக்கு ஓடினாள். மூச்சு வாங்காமல், தடதடவென்று, நிஜமாகவே ஓடினாள். அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கொல்லித்துணியை எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் ஓடிவந்த மகள், கட்டிலுக்குப் பின்னால் மண்டியிட்டு, அந்தக் கறையை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள்.