உள்ளே பெரிய வீடு

செவ்வாய், மாலை 4.40. கஜந்தியின் அளவுக் கொப்பியைக் காணவில்லை.

அவள் கட்டடக்கலை விரிவுரையாளர். ஹோட்டல்கள் வர வர, திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கைகளில் குடியிருந்தவர்கள் எப்படித் தள்ளப்படுகிறார்கள் என்று ஆராய்கிறாள். அந்த ஒழுங்கைகளில் அந்நிய ஆண்களை உள்வீட்டுக்குள் விடுவதில்லை. அவளை விட்டார்கள். அவளுடைய அளவு நாடாவின் நுனி பிய்ந்திருந்தது. பத்தாவது சென்றிமீற்றரில் பிடித்து அளந்து, கண்ட எண்ணை எழுதிக்கொண்டாள்.

கொப்பியை முன்கூடத்துக் கதிரையில் வைத்துவிட்டு, வீட்டுக்காரி சுபைதாவோடு குசினியில் தேத்தண்ணி குடிக்கப் போனாள். அதற்குள் முன்கூடத்துக்கு இருவர் வந்துபோனார்கள். காணித் தரகர் அப்ராஸ். ஹோட்டல்காரருக்காக வெளிச்சுவர் அளந்த சேர்வேயர் பாக்கியரத்தினம்.

வெள்ளி, காலை 9.15. நகரசபையில், விசாரணை அதிகாரியின் முன். சுபைதாவின் வீடு குடியிருக்கத் தகாதது, இடிக்க வேண்டும் என்று ஹோட்டல் தரப்பு ஆதாரமாக ஒரு வரைபடத்தை நீட்டியது. உள்ளறைகள் எல்லாம் அதில் இருந்தன.

"நீங்கதான் வித்திருக்கீங்க, மிஸ்," என்றாள் சுபைதா. "உங்கள நம்பித்தானே படுக்கிற அறை வரைக்கும் விட்டேன்."

"நான் கொடுக்கேல்ல, ராத்தா."

சுபைதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஜந்தி அப்ராஸைப் பார்த்தாள்.

"என்ன ஏன் பாக்கிறீங்க?" என்றார் அவர். "எனக்கு ஒரு அடிமட்டம் பிடிக்கவும் தெரியா."

அவள் சேர்வேயரிடம் திரும்பினாள். "இது ஆர் அளந்தது, ஐயா?"

"நான்தான். புதன்கிழமை. கதவு சும்மா சாத்திக் கிடந்தது."

"புதன் நான் கிண்ணியாவில மகள் வீட்ட," என்றாள் சுபைதா. "பூட்டிட்டுத்தான் போனேன்."

"பூட்டினதுக்குச் சாட்சி இருக்கோ?"

இருக்கவில்லை. கஜந்தி வரைபடத்தை வாங்கினாள். அதிலிருந்த எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

"வெளி நீளம் 9.80 மீற்றர். அதையும் நீங்கள்தான் அளந்தது?"

"ஓம். ஒரே நாடா."

"உள்ளே மூண்டு அறை. 3.10, 2.90, 3.30. நாலு சுவரும் சேர்த்து எண்பது சென்றிமீற்றர். கூட்டுங்கோ."

விசாரணை அதிகாரி கூட்டினார். "10.10."

"வீடு வெளியைவிட உள்ளே முப்பது சென்றிமீற்றர் பெரிசு. ஒவ்வொரு அறையிலும் பத்து கூட. என்ர நாடாவில முதல் பத்து இல்லை, பத்தில பிடிச்சுத்தான் அளப்பன். வரையேக்கதான் அதைக் கழிப்பன், கொப்பியில கழிக்கிறேல்ல. வெளியை நீங்கள் அளந்தீங்கள், அது சரி. உள்ளளவை என்ர கொப்பியில பார்த்து எழுதினீங்கள். அப்ராஸ் எடுத்துத் தந்திருந்தா அவரைச் சொல்லியிருப்பீங்கள். நான் அளந்தனான் எண்டு சொன்னீங்கள்."

பாக்கியரத்தினம் கைக்குட்டையைத் தேடினார். "ஹோட்டல்காரர் அவசரப்படுத்தினவை," என்றார். "கூட்டிப் பாக்க நேரமில்லை." கொப்பி அவருடைய காரில் கிடந்தது.

அதிகாரி வரைபடத்தைக் குறுக்கே கோடிட்டார். "இது செல்லாது. திங்கட்கிழமை திரும்ப அளக்கவேணும். அம்மா, உள்ளே ஆரை விடுவீங்கள்?"

சுபைதா கஜந்தியின் பக்கம் திரும்பினாள். முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"கஜந்தி மிஸ் அளக்கட்டும்," என்றாள். "நீங்க எல்லாரும் வாசல்ல நில்லுங்க."