இறந்தவர் போட்ட தையல்

"இந்த நாய்க்குத் தையல் போட்டது எங்க அண்ணன். ஆனா எங்க அண்ணன் போன மாசமே செத்துப் போயிட்டாரும்மா."

கம்பளிக்கடைக்காரப் பெண் கையிலிருந்த பொதியை வக்கீலம்மாவின் மேசைமேல் இறக்கிச் சால்வையை விலக்கினாள். பழுப்பு நிறத்தில் குட்டையான ஒரு நாய் நடுங்கிக்கொண்டு கிடந்தது. தோள்பட்டையில் ஒரு நீளக் காயம், அதன்மேல் நேர்த்தியான தையல். மூலையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கண்டக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நாய் அவரைக் கண்டதும் தலையைத் தூக்கிக் குரைத்தது. வாய் திறந்தது, தொண்டை புடைத்தது, பல் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

கண்டக்டர் ஓரடி பின்வாங்கினார். அவர் வக்கீலம்மாவின் கணவருடைய தம்பி. மலைப்பாதைப் பேருந்தில் ஆயுள் முழுக்க டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அண்ணியிடம் வரும் வழக்குகளில் தலையை நுழைப்பதுதான் இப்போது அவருடைய முழுநேர உத்தியோகம்.

"நிதானமா சொல்லும்மா," என்றார் வக்கீலம்மா.

ஏரிக்கரைச் சுற்றுலா ஊர் ஒன்றில் அவளுக்குக் கம்பளிக் கடை. அண்ணன் அங்கே இருந்த ஒரே கால்நடை மருத்துவர். ஒரு காலையில் அவருடைய கோட்டும் செருப்பும் ஏரிக்கரையில் கிடந்தன. தற்கொலை என்று இன்ஸ்பெக்டர் முடித்துவிட்டார். ஏரி ஆழம், அடியில் கொடி மண்டிக்கிடக்கிறது, உடல் மேலே வராது என்றும் சொல்லிவிட்டார்.

"அண்ணன் போனதுக்கு அப்புறந்தான் கடை வாசல்ல கிடக்கிற இந்த நாயும் காணாமப் போச்சு. போகும்போது இது மேல ஒரு கீறல் கிடையாது. நேத்து எப்படியோ தவழ்ந்து வந்துடுச்சு. இந்தக் கடைசி முடிச்சைப் பாருங்க. கம்பளி பின்னி முடிக்கும்போது நான் போடற கண்ணி இது. சின்ன வயசுல அண்ணனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவர் இடது கைக்காரர், அதனால அவர் போட்டா மட்டும் கண்ணி மறுபக்கமாத் திரும்பும்." அவள் குரல் இறங்கியது. "இன்னொண்ணும் சொல்லணும். சொன்னா சிரிப்பீங்க. சாயங்காலம் ஆனா ஏரியிலிருந்து கைதட்டற சத்தம் வருது. ஒரு பெரிய கூட்டம் தண்ணிக்கு அடியில உட்கார்ந்து கைதட்டற மாதிரி. கரையில ஒரு ஈ காக்கா இருக்காது. எங்க கடைக்கு வர்றவங்களும் கேட்டிருக்காங்க."

"ஆவிதான் அண்ணி!" என்றார் கண்டக்டர், தன்னையறியாமல்.

"ஆவி மீன்பிடி நரம்புல தைக்காது, தம்பி." வக்கீலம்மா தையலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "மருத்துவமனை நூல் இல்ல இது. கையில கிடைச்சதை வெச்சுத் தைச்சிருக்காங்க. சரி, நாயை மோந்து பாருங்க."

கண்டக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "பிளீச்சிங் பவுடர். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாடை."

வக்கீலம்மா நாயின் விரலிடுக்கிலிருந்து நீல நிறச் சில்லு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்தார்.

அவர்கள் அந்த ஊரில் இறங்கியபோது பனிமூட்டம் தெருவை விழுங்கியிருந்தது. படகுகள் கவிழ்த்துக் கிடந்தன. எதிரே வருபவர்கள் பத்தடி தள்ளித்தான் மனிதர்களாக உருவெடுத்தார்கள். ஏதோ ஒன்று குறைகிறது என்று கண்டக்டருக்குப் பட்டது. இறைச்சிக் கடையைத் தாண்டும்போதுதான் புரிந்தது. வாசலில் எலும்புகள் கேட்பாரற்றுக் கிடந்தன.

"இந்த ஊர்ல ஒரு நாய்கூட இல்ல, அண்ணி."

"ஆமா," என்றார் வக்கீலம்மா.

டாக்டரின் கால்நடை மருத்துவமனையை இப்போது அவருடைய உதவியாளர் நடத்திவந்தார். அவரைப் பார்த்ததுமே கண்டக்டருக்குப் பிடிக்கவில்லை. டாக்டரின் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒரு ஆட்டுக்குக் கட்டுப் போடும்போது அவர் வலது கையால் போட்ட முடிச்சை வக்கீலம்மா கவனித்துவிட்டு, நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டார்.

"அவன்தான் அண்ணி. டாக்டரைத் தீர்த்துட்டு, அவர் கைவேலையைப் பார்த்துப் பழகியிருக்கான்."

"அவர் டாக்டரோட நாற்காலிக்கு ஆசைப்பட்டவர். முடிச்சுக்கு இல்ல. வலது கைக்காரர் போட்டா கண்ணி மறுபக்கமாத் திரும்பாது."

டாக்டரின் பொருள்கள் கிடந்த கரைக்குப் போய்த் திரும்புவதற்குள் இருவர் காலணியும் கறுப்புச் சேற்றில் ஈயமாகக் கனத்தன. கண்டக்டர் கல்லில் தேய்த்தார், புல்லில் தேய்த்தார், போகவில்லை. காவல் நிலையம் திருப்பிக் கொடுத்த செருப்பைத் தங்கை வீட்டில் காட்டினாள். அதன் அடிப்பாகம் வெறும் தூசியோடு காய்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் மரியாதைக்குக் குறைவில்லாமல் வரவேற்றார். நல்ல சிரிப்பு, இஸ்திரி கலையாத சட்டை.

"தெருநாய்ங்கள எல்லாம் எங்க ஜீப்லயே ஏத்தி வெளியூர் காப்பகத்துக்கு அனுப்பிட்டோம் மேடம். சுற்றுலா வர்றவங்களைக் கடிச்சா ஊருக்குத்தானே கெட்ட பேரு?"

"நல்ல காரியம். டாக்டருக்குக் கண்ணாடி இல்லாம ஊசி கோக்க முடியாதாமே? கோட்டு இருக்கு, செருப்பு இருக்கு. கண்ணாடியைக் காணோம்னு தங்கச்சி வருத்தப்படறாங்க."

"கண்ணாடியா? அது அவர்கிட்டதானே இருக்கு..." இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த காகிதக்கல்லை நகர்த்தி வைத்தார். "அதாவது, தண்ணிக்குள்ள. போட்டபடியே குதிச்சிருப்பார் பாவம்."

வெளியே வந்ததும், "நல்ல மனுஷன்," என்றார் கண்டக்டர். வக்கீலம்மா நீலச் சில்லை விரலில் உருட்டியபடி ஏரிக்கு மேலே இருந்த பெரிய விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதி வாசலில் 'பராமரிப்புப் பணி' என்ற பலகை. கதவு பூட்டு. கொல்லைப்புறத்தில் பனிக்குள் வெள்ளைத் துண்டுகள் கொடி கொடியாகக் காய்ந்தன. காற்று இல்லாததால் அவை அசையாமல், வரிசையில் நிற்கும் ஆட்களைப் போலத் தொங்கின. அருகில் போனபோது ஒவ்வொன்றிலும் துவைத்தும் போகாத பழுப்புக் கறை. கண்டக்டர் ஒன்றைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"யாருங்க?" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. விடுதி முதலாளி. பருத்த உடம்பு, ஓசையில்லாத நடை. தங்க இடம் தேடி வந்ததாக வக்கீலம்மா சொன்னார்.

"இப்ப ஆளே இல்லீங்க. சீசனுக்கு வாங்க. நீச்சல் குளத்துல தண்ணிகூட இல்ல, வறண்டு கிடக்குது."

அவர் கையைப் பிசைந்தபடி நின்றார். வெள்ளைப் பொடி நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. வாடை கண்டக்டரின் மூக்கில் ஏறியது.

மறுநாள் பிற்பகல், வக்கீலம்மாவின் சட்டக்கல்லூரித் தோழியான நீதிபதி சோதனை ஆணையோடு நேரிலேயே வந்துவிட்டார். உடன் நகரத்திலிருந்து வந்த காவலர்கள். பாதுகாப்புக்கு என்று சொல்லி இன்ஸ்பெக்டரையும் வரவழைத்திருந்தார்கள். விடுதி முழுக்கத் தேடியாகிவிட்டது. அறைகள் காலி. நீலப் பளிங்குச் சில்லு பதித்த நீச்சல் குளம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"திருப்திதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொஞ்சம் பேசணும்," என்ற வக்கீலம்மா குளத்தின் விளிம்பில் நின்றார். தங்கை அவர் பக்கத்தில் நின்றாள், கம்பளி நூல் ஒன்றை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தபடி.

"டாக்டர் ஏரிக்கரைக்கு நடந்தே போகல. போயிருந்தா செருப்புல அந்தச் சேறு இருக்கும். வேற யாரோ செருப்பைக் கொண்டுவந்து வெச்சாங்க. அப்படின்னா அவர் செத்ததா நாம நம்பணும்னு யாரோ விரும்பினாங்க. ஏன்? உயிரோட அவர் தேவைப்பட்டார். நாய்களைத் தைக்க."

விடுதி முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் குளத்தைப் பார்த்தார்.

"வறண்ட குளத்துக்கு எதுக்கு பிளீச்சிங் பவுடர்? தண்ணியைச் சுத்தம் பண்ண இல்ல, ரத்தத்தைக் கழுவ. ஆளே தங்காத விடுதியில எதுக்கு அத்தனை துண்டு? நாயோட விரலிடுக்குல இருந்தது இந்தக் குளத்துச் சில்லு. இந்தக் குளம்தான் நாய்ச்சண்டைக் களம். படிக்கட்டுல பணக்காரப் பார்வையாளர்கள். பெரிய நாய்களைப் பழக்க ஊர் நாய்கள் இரை. அதுங்களை ஏத்திட்டு வந்தது காவல் நிலைய ஜீப். வழியில யார் தடுப்பாங்க?"

"கதை நல்லா இருக்கு. ஊருக்கு நடுவுல நாய்ச்சண்டை நடந்தா குரைக்கிற சத்தம் கேக்காதா?"

"கேக்கும். அதனாலதான் குரல்நாண அறுக்கச் சொல்லி டாக்டரைக் கூப்பிட்டீங்க. அவர் மாட்டேன்னார். வெளியே விட்டா சொல்லிடுவார்." வக்கீலம்மா குரலை உயர்த்தவேயில்லை. "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை தப்பாச் சொன்னீங்க, இன்ஸ்பெக்டர். செத்தவரோட கண்ணாடியைக் கேட்டா, அவர்கிட்ட 'இருந்திருக்கும்'னு சொல்லுவாங்க. நீங்க 'இருக்கு'ன்னீங்க. அதை அவர் மூக்கு மேல தினமும் பார்க்கறவர் பேச்சு அது."

"ஆள் எங்க? காட்டுங்க!" இன்ஸ்பெக்டரின் சிரிப்பு இன்னும் கலையவில்லை. "சுவத்தை இடிப்பீங்களா?"

"எந்தச் சுவர்னு தெரிஞ்சா இடிக்கலாம். நாயை அவர் ஒரு வழியாத்தான் வெளியே அனுப்பியிருக்கார். கைதட்டற சத்தம் ஏரிக்கு வந்ததும் அதே வழியாத்தான். தம்பி, கரைக்குப் போங்க. இந்தக் குளத்தோட கழிவுநீர்க் குழாய் வாய் அங்கதான் இருக்கணும். உங்க கண்டக்டர் குரலை அதுக்குள்ள விடுங்க."

கண்டக்டர் சறுக்கிக்கொண்டே இறங்கினார். பனியில் ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. நாணலை விலக்கி விலக்கித் தேடியபோது, ஒரு நாய் நுழையுமளவு அகலத்தில் கறுத்த வாய் ஒன்று திறந்திருந்தது. விளிம்பில் பழுப்பு முடி ஒட்டியிருந்தது. அவர் மண்டியிட்டு முகத்தை உள்ளே நீட்டினார். பிளீச்சிங் வாடையும், அதற்கடியில் வேறொரு வாடையும்.

"டாக்டரேய்!"

குரல் உருண்டு உருண்டு உள்ளே போய் அடங்கியது. ஏரி மூச்சு விடாமல் கிடந்தது. கண்டக்டர் குழாய் வாயில் காதை வைத்தார்.

அப்புறம், மண்ணுக்குள்ளிருந்து, களைத்துப்போன ஒரு மனிதக் குரல் வந்தது.

"யாரு?"

அவர் எப்படி மேட்டில் ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, உடைமாற்றும் அறையில் துண்டு அடுக்கும் அலமாரியைக் காவலர்கள் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். குழாய்க்குள் அவர் விட்ட குரல் அதன் பின்னாலிருந்து வந்ததை எல்லோரும் கேட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் இரண்டு பக்கமும் இருவர் நின்றார்கள். விடுதி முதலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அலமாரிக்குப் பின்னால் இரும்புக் கதவு. அதைத் திறந்ததும் விளக்கொளி கீழே பாய்ந்தது. பழைய மோட்டார் அறை. சுவரோடு சுவராகக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு நாய் கம்பியில் மோதிக் குரைத்தது. அத்தனை வாயும் திறந்து திறந்து மூடின. கம்பி அதிரும் ஓசையைத் தவிர அங்கே ஒரு சத்தமும் இல்லை.

நடுவில் டாக்டர், காலில் சங்கிலியோடு, மூக்கில் கண்ணாடியோடு, ஒரு நாயின் கழுத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தார். வந்தவர்களைப் பார்த்தாரே தவிரக் கையை எடுக்கவில்லை.

"நான் மாட்டேன்னேன்," என்றார் யாரும் கேட்காமலே. "உடனே என் கண்ணு முன்னாலயே அவனுங்க சமையல் கத்தியால ரெண்டு நாயோட குரல்நாணை அறுத்தானுங்க. ரெண்டும் செத்துச்சு. அப்புறம் நானே செஞ்சேன். எல்லாத்துக்கும் நான்தான் செஞ்சேன்."

கண்டக்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வக்கீலம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

தங்கை கூண்டுகளுக்கு நடுவே இறங்கிப் போனாள். அண்ணன் முன்னால் நின்றாள். தொடவில்லை. அவருடைய சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை ரத்தம் காய்ந்து மொரமொரத்திருந்தது.

"வீட்டுக்குப் போய் வேற சட்டை எடுத்துட்டு வாம்மா," என்றார் டாக்டர். "இந்த வாடைக்கு இதுங்க மிரளுது. எல்லாத்தையும் வெளியே எடுத்த அப்புறந்தான் நான் வர முடியும்."

"சட்டை எதுவும் இல்லண்ணா." அவள் உதடு கோணியது. "எல்லாத்தையும் குடுத்துட்டேன். நீ இல்லேன்னு சொன்னாங்க, நான் குடுத்துட்டேன்."

அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்து, அத்தனை நாளும் அழாததைச் சேர்த்து அழுதாள்.

கண்டக்டர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினார். காவலர் ஒருவர் சங்கிலியை வெட்டினார். ஸ்வெட்டர் டாக்டருக்குச் சின்னது, கை முழங்கையோடு நின்றுவிட்டது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் குனிந்து முதல் கூண்டின் தாழ்ப்பாளை நீக்கினார்.

"இதோட தலையைப் பிடிச்சுக்கங்க," என்றார் கண்டக்டரிடம். "மெதுவா. கடிக்காது, பயப்படுது."