நாராயணசாமிக்குத் தெரியக் கூடாது!

பாம்... பாம்... பாம்ம்ம்!

நெல்லித்தோப்பு சிக்னலில், முழங்காலளவு மழைத்தண்ணீரில், நின்றுபோன ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டிருந்த பூவிழிக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"ஹாரன் அடிச்சா தண்ணி வத்திடுமா சார்?"

"நகருங்க மேடம்! அவசரம்!"

"நான் மட்டும் என்ன, பீச்சுக்குக் காத்து வாங்கவா போறேன்? ஆஸ்பத்திரிக்குப் போறேன்!"

பைக்கில் இருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னாள்.

"நானும் அங்கதாங்க... எங்கப்பாவ ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிருக்காங்க. ஸ்கேன்லாம் எடுத்துட்டாங்களாம், நான் இந்தத் தண்ணில மாட்டிக்கிட்டேன்..."

மழை அவன் முகமெல்லாம் வழிந்தது. அந்தக் கண்கள்... இத்தனை பெரிய கண்களில் இத்தனை பயத்தைப் பூவிழி பார்த்ததே இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்கூட்டியைப் பெட்டிக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு, கேட்காமலேயே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டிய!"

பைக் தண்ணீரைப் பிளந்துகொண்டு பாய்ந்தது.

"அப்பாவுக்கு என்ன பண்ணுது?"

"நெஞ்ச வலிக்குதுன்னாரு. அப்புறம் முதுகெல்லாம் கிழிக்குதுடான்னு கத்தினாரு..."

பூவிழியின் விரல்கள் அவன் தோளில் இறுகின. சற்றுமுன் போனில் டாக்டர் கமலவேணி சொன்னது காதிலேயே இருந்தது. 'இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. ரெட்டியார்பாளையத்து ஆளு. உடனே வா பூவிழி!'

"நீங்க ரெட்டியார்பாளையமா?"

"ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னும் வேகமா போங்க!"

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்காகக் காத்திருந்தது இதய–நுரையீரல் இயந்திரம். இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும் நேரமெல்லாம், நோயாளியின் ரத்தத்தை வாங்கி, பிராணவாயு கலந்து, உடம்புக்குத் திருப்பி அனுப்புவது அதுதான். அதை இயக்குபவள் பூவிழி.

அன்று அதுவும் போதவில்லை. கிழிசல், மூளைக்கு ரத்தம் பிரியும் வளைவு வரைக்கும் ஓடியிருந்தது. ரத்த ஓட்டத்தையே நிறுத்தினாலும் மூளை தாங்கட்டும் என்று உடம்பைக் குளிரக் குளிர வைத்தார்கள்.

"பூவிழி... நிறுத்து" என்றார் டாக்டர் கமலவேணி.

நிறுத்தினாள். ரத்தமும் ஓடவில்லை, மூச்சும் இல்லை. தையல் ஊசி மட்டும் ஓடியது. கிழிந்த குழாய் இருந்த இடத்தில் புதுக் குழாய் ஏறிக்கொண்டிருந்தது. பூவிழியின் பார்வை கடிகாரத்தில். மனதில் மட்டும்... மழையில் நனைந்த அந்தக் கண்கள்.

"ஆன்!"

ரத்தம் திரும்பியது. உடம்பு மெல்ல மெல்லச் சூடேறியது. இதயம் ஒருமுறை நடுங்கி, யோசித்து, பிறகு... துடித்தது!

முகக்கவசத்துக்குள் பூவிழி சிரித்துவிட்டாள்.

வெளியே வந்தபோது அவன் ஓடி வந்தான். வெற்றிச்செல்வன், மின்துறையில் இளநிலைப் பொறியாளர்.

"நீங்க நர்ஸுங்களா?"

"இல்லீங்க. உங்கப்பாவோட ரத்தம் இவ்ளோ நேரம் என் மெஷின்லதான் ஓடிட்டிருந்துச்சு. இப்ப அவர் நெஞ்சுலயே ஓடுது. போதுமா?"

அவன் சுவரில் சாய்ந்து, சின்னப் பிள்ளைபோல் அழுதான். பூவிழிக்குத் தன் நெஞ்சு தாளம் தப்புவது தெரிந்தது. அதைச் சரிசெய்ய எந்த இயந்திரமும் இல்லை!

மறுநாள், மெக்கானிக் பார்த்து முடித்த அவளுடைய ஸ்கூட்டியோடு வந்து நின்றான். அதற்கடுத்த வாரம் காரணமே இல்லாமல் வந்தான். கேன்டீன் டீ ஆறிப்போகும்வரை பேசினார்கள். அவன் அப்பா நாராயணசாமி தேறி வீட்டுக்குப் போன பிறகும் அவன் வருவது நிற்கவில்லை.

"எங்க வீட்ல பேசட்டுமா?" என்றான் ஒருநாள், அவள் முகத்தைப் பாராமல்.

பூவிழி தலைகுனிந்து சிரித்தாள். அதுவே பதில்.

ஆனால் அடுத்த முறை அவன் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"அப்பா வேணான்னுட்டாரு. நேரங்காலம் இல்லாம ஆஸ்பத்திரிக்கு ஓடுற பொண்ணு குடும்பத்துக்கு ஒத்து வராதாம். அவர காப்பாத்தினதே நீங்கதான்னு ஒரு வார்த்த சொன்னா போதும்..."

"சொல்லாதீங்க!"

அவன் திடுக்கிட்டான். மயக்கத்தில் இருந்தவருக்கு அவள் முகமே தெரியாது. தெரியவும் கூடாது.

"என்னப் புடிச்சுக் கூப்பிடணும் வெற்றி. நன்றிக்காகக் கூப்பிட்டா அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். சொன்னீங்கன்னா, நம்ம பேச்சு இதோட முடிஞ்சுது."

"உங்களுக்கு இவ்ளோ ரோஷமா?"

"ஆமா!" என்றாள். இரவெல்லாம் தலையணைதான் நனைந்தது.

அவன் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, ஒரு ஞாயிறு மாலை கடற்கரைச் சாலைக்கு அப்பாவை நடக்க அழைத்து வந்துவிட்டான். பூவிழி பச்சைச் சேலையில் வந்தாள்.

நாராயணசாமி ஏற இறங்கப் பார்த்தார்.

"சமைக்கத் தெரியுமாம்மா?"

"நல்லாவே தெரியும் ஐயா. நேரத்துக்கு வீட்டுக்கு வருவேனான்னுதான் சொல்ல முடியாது."

"இப்படிப் பட்டுனு சொல்றியே!"

"அப்புறம் ஏமாத்திட்டாளேன்னு நீங்க சொல்லக் கூடாதில்ல?"

பெரியவர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது... அதற்குள் போன் அடித்தது. டாக்டர் கமலவேணி!

கேட்கக் கேட்கப் பூவிழியின் முகம் வெளுத்தது. இப்போது போனால் எல்லாம் போயிற்று. போகாவிட்டால்...

"மன்னிச்சுக்குங்க ஐயா. ஒரு அம்மாவுக்கு இதயத்துல வால்வு அடைச்சிக்கிச்சாம். நான் போயே ஆகணும்."

நாராயணசாமியின் கை தானாக நெஞ்சுத் தழும்புக்குப் போனது. பிறகு கத்தினார்.

"அப்புறம் ஏம்மா இங்க நின்னு மன்னிப்புக் கேக்குற? ஓடு! அந்த அம்மாவோட புள்ள அங்க எப்படி நிக்கிறானோ! டேய் வெற்றி, கூடப் போய்க் கூட்டத்த வெலக்குடா! வேல முடிஞ்சதும் மருமகள வீட்டுக்குக் கூட்டியா, சாப்பிடட்டும்!"

மருமகள்!

ஓடினார்கள். சுண்டல்காரரையும் பலூன்களையும் தாண்டி ஓடினார்கள். பக்கத்துத் தெருவில் நின்றது அவளுடைய ஸ்கூட்டி. ஹெல்மெட்டை மாட்டியவள் நிமிர்ந்தாள்.

"சொல்லிட்டீங்களா அவர்கிட்ட?"

"சத்தியமா இல்ல பூவிழி! அவருக்கு ஒண்ணுமே தெரியாது!"

அந்தப் பெரிய கண்களில் இன்று பயமே இல்லை. இத்தனை நாள் சிரிப்பிலும் கோபத்திலும் ஒளித்து வைத்ததை இனி எதற்கு...

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள் மெல்ல.

"என்ன? ஹெல்மெட்டுக்குள்ள என்ன சொல்றீங்கன்னே கேக்கல!"

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கத்தினாள்.

"உங்களத்தான் கட்டிக்குவேன்னு சொன்னேன்! கேட்டுச்சா?"

தெருமுனையில் நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பூவிழிக்கு வெட்கமே வரவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தாள்.