இடுப்பைப் பிடித்த கைகள்

லாரி டிரைவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து வீட்டில் இறக்கியபோது பகல் பதினொரு மணி. முதுகில் செயற்கை டிஸ்க் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அது நகர்ந்து நரம்பை அழுத்தியதால், மறுபடியும் கீறி அதை எடுத்துவிட்டு, கம்பியும் திருகாணியும் வைத்து முடுக்கியிருந்தார்கள்.

"இன்னொரு தடவை அதுல கை வைக்க முடியாது" என்று சொல்லித்தான் சர்ஜன் அனுப்பினார்.

தானாகத் திரும்பிப் படுக்கக் கூடாது. ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்து, மூன்று எண்ணி, கட்டையைப் புரட்டுவதுபோலத் திருப்ப வேண்டும். மனைவி தோளைப் பிடித்தாள். அவள் தம்பி இடுப்பைப் பிடித்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். வலியே தெரியவில்லை.

"மச்சான் கை தேறிடுச்சு. என்ன, ஐஸ் மாதிரி சில்லுனு இருக்கு."

மனைவி அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"தம்பி இன்னும் வேலையிலிருந்து வரலைங்க."

"அப்ப இடுப்பைப் பிடிச்சது?"

"நான் தோளை மட்டும்தான் பிடிச்சேன். நீங்களாத் திரும்புனீங்கன்னு நினைச்சேன்."

மறுநாள் அவளும் வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. இருந்த லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தண்ணீரையும் போனையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு வலி கிளம்பியது. தண்டுவடத்தில் யாரோ சூட்டுக்கோல் இழுப்பதுபோல இரண்டு காலுக்கும் இறங்கியது. போனைத் துழாவினார். அது வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. கத்திப் பார்த்தார். தெருவில் யார் காதிலும் விழவில்லை. இருபது வருஷம் மலைப்பாதையில் பாரவண்டி ஓட்டிய மனுஷன், குழந்தைபோலத் தேம்பித் தேம்பி அழுதார்.

"யாரா இருந்தாலும் சரி. ஒரே ஒரு தடவை திருப்பி விடுங்க."

இடுப்பில் ஒரு கை விழுந்தது.

பிறகு தோளில் ஒன்று.

எண்ணவில்லை. மெதுவாகத் திருப்பியது. சுவர் முகத்துக்கு நேரே வந்தது. வலி அப்படியே வடிந்தது. உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. அது யாராக இருந்தாலும், அவருக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

ஆனால் கைகள் விலகவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது. ஸ்பிரிட்டும் நாள்பட்ட புண்ணும் கலந்த வாடை. யாரோ ஒட்டிப் படுத்திருந்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

காதருகே ஒரு கிசுகிசுப்பு.

"இப்ப என்னைத் திருப்பு."

"என்னால முடியாதுங்க" என்றார் சுவரைப் பார்த்து.

"ரொம்ப நாளா இப்படியே கிடக்கேன். என்னைத் திருப்பு."

விரல்கள் இடுப்பில் இறுகின. மனைவி வந்து கதவைத் திறக்கும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே கட்டிலை மாற்றினார்கள். அந்த வாரமே வீட்டையும் மாற்றினார்கள். அதன் பிறகு எதுவும் வரவில்லை. ஆறாவது வாரம் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தே எக்ஸ்ரே எடுக்கப் போனார். படத்தைப் பார்த்துவிட்டு வந்த டெக்னீஷியன் அலுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை எடுக்கணும்ணே. இடுப்புல கையை வெச்சுட்டீங்க. பாருங்க, கம்பிக்கு ரெண்டு பக்கமும் விரல் எலும்பு விழுந்திருக்கு."

படம் எடுத்தபோது டிரைவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார்.