உபயதாரர் குடும்பம்

உலகக் கலை வரலாற்றை எழுதுகிறவர்கள் பேனாவை மூடிவிடாமல் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர், மனைவியும் மச்சினனும் புடைசூழ, ஐந்நூறு வருடப் பழமையான பேராலயம் ஒன்றை, பொதுமக்கள் தொந்தரவு இல்லாத மதிய இடைவேளையில், தனி வழிகாட்டி வைத்துப் பார்வையிடத் திருவுளம் கொண்டார்.

வீட்டில் அவருக்கு 'சீஃப்' என்று பெயர். அவர் ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் பெயர் மட்டும் பணியில் நீடித்தது.

வழிகாட்டி, காலடிச் சத்தமே கேட்காமல் நடக்கிற ஒல்லியான நடுவயதுப் பெண், பக்கவாட்டுக் கதவு வழியாக மூவரையும் உள்ளே விட்டாள். கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே மெழுகும் ஈரக் கல்லும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை, அதற்கு அடியில் இன்னொரு வாசனை. முப்பத்தொரு வருடம் கட்டடங்களைப் பார்வையிட்ட மூக்கு அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது.

“இங்க எங்கயாவது பெயிண்ட் வேலை நடக்குதா?”

“இல்லையே சார்.”

தன் மூக்கை மறுத்துப் பேசியவர்களை அவர் முன்பெல்லாம் வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார். இங்கே அந்த வசதி இல்லை.

முதல் படம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவே வானத்தைப் பார்த்தபடி ஒரு புனிதர். அவர் காலடியில் முழங்காலிட்ட மூன்று சின்ன உருவங்கள்: மிருக ரோமத்தில் பட்டை வைத்த அங்கிக்குள் ஒரு தொப்பைக்காரர், எதிரே மனைவி, பின்னால் நெட்டையாக ஓர் இளைஞன்.

“இவங்கதான் உபயதாரர் குடும்பம்” என்றாள் வழிகாட்டி. “படம் வரையச் சொன்னவர், அவர் சம்சாரம், சம்சாரத்தோட தம்பி. இங்க இருக்கிற மூணு பெரிய படமும் இவர் உபயம். மூணுலயும் இவங்க உண்டு.”

“டியூப் லைட்ல பேர் எழுதுற மாதிரி” என்றாள் மனைவி. பிறகு கிட்டப் போய்ப் பார்த்தாள். “இவரு அசப்புல உங்கள மாதிரியே இருக்காருங்க. கும்பிடறப்பகூட, யார் பாக்கறாங்கன்னு ஓரக்கண்ணால பாக்கறாரு.”

“பின்னாடி இருக்கறது நான்தான்க்கா” என்றான் மச்சினன். “மாமா எப்ப முடிப்பாரு, எப்ப சாப்பிடலாம்னு காத்திருக்கேன்.”

வழிகாட்டி சிரிக்கவில்லை. “இதுல ஒரு வழக்கம் உண்டு. படத்துல இருக்கிறவங்க யாராவது தவறிட்டா, ஓவியர் திரும்ப வந்து அவங்க தலைக்கு மேல சின்னதா ஒரு சிவப்புச் சிலுவை போட்டுட்டுப் போவார். எத்தனை வருஷம் ஆனாலும் வருவார்.”

அந்தப் படத்தில் யார் தலைக்கு மேலும் எதுவும் இல்லை.

“அப்ப இவங்க யாரும் இன்னும் சாகலையா?” என்றான் மச்சினன்.

“இன்னும் போடலை” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

மச்சினன் மணிக்கூண்டில் ஏறிப் போட்டோ எடுக்கப் போனான். மனைவி போகவில்லை, படியேறக் கூடாதென்பது டாக்டர் உத்தரவு. எட்டு மாதத்துக்கு முன் அவள் இதயத்தில் அடைப்பு எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த அந்த மூன்று மணி நேரமும் சீஃபுக்குத் தன் பதவி ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. இந்தப் பயணமே அதற்காகத்தான். அதை அவளிடம் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. அதற்குப் பதில் தூண்களின் பாரம் தாங்கும் திறனை விளக்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது படம் இருண்ட ஒரு பக்க அறையில் இருந்தது. பெயிண்ட் வாசனை இங்கே தொண்டையில் ஒட்டியது. அதே மூன்று பேர், சற்று வயதாகியிருந்தார்கள். சுவருக்குள்ளிருந்து, சுழல்படியில் மச்சினன் ஏறுகிற சத்தம் டக், டக்கென்று மேலே போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டி டார்ச்சை உயர்த்தினாள்.

நெட்டை இளைஞனின் தலைக்கு மேல் ஒரு சிவப்புச் சிலுவை.

படிச் சத்தம் நின்றது.

வெளியே, சுவரை ஒட்டி, தொம்மென்று ஏதோ விழுந்தது. உயரத்திலிருந்து சிமெண்ட் மூட்டை விழுகிற சத்தம். சீஃப் ஆயிரம் தடவை கேட்டது. சிமெண்ட் மூட்டைதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் எந்த வேலையும் நடக்கவில்லை என்பதை உள்ளே வரும்போதே கவனித்திருந்தார்.

ஒப்பந்தக்காரர்களின் சுவர்களைச் சோதித்த அதே ஆள்காட்டி விரலால் சிலுவையைத் தொட்டார். விரல் சிவப்பாக வந்தது.

“தம்பி” என்று கூப்பிட்டாள் மனைவி. குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. “தம்பி, கீழ வாடா. என்னங்க, அவன் ஏன் பேசமாட்டேங்கறான்?”

“சிக்னல் தேடிட்டிருப்பான்” என்றார் சீஃப். வழிகாட்டியிடம் திரும்பினார். “கதவத் திறங்க.”

“மூணு மணிக்குத்தான் சார் திறக்கும். இன்னும் ஒரு படம் இருக்கு.”

“நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியும் சார்” என்றாள் அவள், பணிவாக. “உபயதாரர்.”

அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவுக்கு நடந்தார். தூண்களைக் கடந்து, பெஞ்சுகளைக் கடந்து, வந்த வழியாகத்தான் வந்தார். வந்து நின்றது பெரிய பீடத்தின் முன்னால். மனைவி முன்வரிசை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“மூச்சு வாங்குதுங்க.”

“ஒண்ணுமில்ல. ஆழமா இழு.”

“நெஞ்ச அழுத்துது.”

பீடத்துக்கு மேல் மூன்றாவது படம். தம்பியின் தலைக்கு மேல் முழுச் சிலுவை. மனைவியின் தலைக்கு மேல் ஒரு கோடு. நெடுக்குக் கோடு மட்டும். ஈரமாக. குறுக்குக் கோடு இன்னும் இல்லை.

இல்லை, இருக்கிறது. இடது பக்கம் கடுகளவு தொடங்கியிருக்கிறது.

வளர்கிறது.

சீஃப் பீடத்தின் மேல் ஏறினார். மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்று உருண்டு விழுந்தது. பின்னால் எங்கேயோ வழிகாட்டி பிரசங்க மேடையின் மரவேலையைப் பற்றி அதே குரலில் விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் கட்டை விரலால் கோட்டை அழுத்தித் துடைத்தார்.

வந்துவிட்டது. ஈர பெயிண்ட்தானே. வராமல் எங்கே போகும்.

மறுபடி துடைத்தார். கைக்குட்டை. எச்சில். சிவப்பு வழிந்து படத்திலிருந்தவளின் நெற்றியில் இறங்கியது. நெற்றியைத் துடைத்தார். புருவம் கையோடு வந்தது. அதைச் சரிசெய்யத் துடைத்தார். கண். மூக்கு. ஒரு பொட்டு சிவப்பு மிச்சமிருக்கக் கூடாது. வாய். துடைத்தார்.

அடியில் வெறும் பலகை.

சிலுவை போய்விட்டது.

“இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார், திரும்பாமல்.

பதில் இல்லை. ஆனால் மூச்சு கேட்டது. சீரான மூச்சு. வராந்தாவில் அந்த மூன்று மணி நேரமும் அவர் வேண்டிக்கொண்ட மூச்சு.

திரும்பினார்.

அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. அதன் மேல் கோத்த கைகள். மார்பு ஏறி இறங்கியது. முடி தொடங்குகிற இடத்திலிருந்து முகவாய் வரை வழவழப்பாக, பலகை நிறத்தில், எதுவும் இல்லை; நடுவே கட்டை விரல் அகலத்துக்கு ஒரே ஒரு சிவப்பு இழுப்பு. அந்த முகம் மெதுவாக உயர்ந்து, அவர் இருக்கும் பக்கம் திரும்பி நின்றது.

படங்களைத் தொடக் கூடாது என்று அங்கே நான்கு மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.