குரல் கொடுக்காத கங்காணி

வெளித் தாழ்ப்பாளைத் தள்ளி அடைத்த பிறகுதான் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகைக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவடைக்குமுன் கங்காணி உள்ளே பார்த்து, ஆள் இருக்கா என்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டு வரைக்கும் எல்லாக் கங்காணிகளும் கொடுத்தார்கள். இந்த ஐயாவு மகாராசன் மட்டும் போன ஞாயிறோடு நிறுத்திவிட்டான். அன்று உள்ளே ஒரு வௌவால் முகத்தில் உரசியதற்கு அவன் போட்ட கூச்சலைப் பால் வெட்டும் சின்னம்மா, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நடித்துக்காட்ட, தொழிலாளர் லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பயந்தவன்தான் இருட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பான் என்று இவனாக முடிவு கட்டிக்கொண்டான்.

மறுபடி தட்டினார்கள். தகரக்கூரையில் மாலை மழை அறைந்துகொண்டிருந்தது. கதவிடுக்கில் கசிந்த புகையில் புளித்த ரப்பர் பாலும் ஈர விறகும் மணத்தன. அதற்குள்ளே, இருமல் போல ஏதோ. கொட்டகையில் பேய் உண்டென்பது லயத்துப் பேச்சு. எதிரே பால் நிறுக்கும் இடத்தில் மழைக்கு ஒதுங்கிய சின்னம்மா உட்பட மூன்று பெண்கள் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்து, உள்ளே ஒன்றுமில்லையென்றால்? பீலிக்கரையில் இன்னொரு நாடகம் நடக்கும்.

ஆகவே நமது வீரன் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுப் பீடி பற்றவைத்தான். மூன்று குச்சி வீணானது.

தட்டல் இப்போது முதுகில் விழுந்தது. வேகமாக. பிறகு பிறாண்டல். பிறகு தாழ்வாக, இடுப்பளவில். பிறகு ஒன்றுமில்லை.

மழை தணிந்ததும் சின்னம்மா வந்தாள்.

"கங்காணி, மருதாயி அக்கா இன்னும் உள்ளதானா? பஸ் இல்லேன்னு திரும்பி வந்து, வீட்டுச் சாவி கேக்க ஒங்களத் தேடி உள்ள போச்சே."

மருதாயி அவன் பெண்டாட்டி.

எழுந்தால் போதும். தாழ்ப்பாளை இழுத்தால் போதும். ஆனால் இழுத்தால், குரல் கொடுக்காமல் பூட்டியது தெரியும். தட்டியதைக் கேட்டும் பேயென்று நடுங்கி உட்கார்ந்திருந்தது தெரியும்.

"அது அப்பவே வெளிய வந்துருச்சு" என்றான். குரல் நடுங்காததில் அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு பெருமை. தூ.

இவள் போகட்டும், உடனே திறக்கலாம். ஆனால் அவள் போகவில்லை. வாளியை இறக்கிவைத்து, எதிரே குந்தி, வெற்றிலையைப் பிரித்தாள். மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

அப்போது கதவின் அடியில், புகையோடு, நான்கு விரல்கள் வெளியே வந்தன. கரி படிந்த விரல்கள். நகம் பிய்ந்தவை. தரையைத் தடவி, அவன் பின்னால் மடக்கியிருந்த காலின் குதிகாலைப் பிடித்துக்கொண்டன.

ஐயாவு குனிந்து பார்த்தான். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இழுத்து விரித்து, அவற்றை மூடினான்.

சின்னம்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சாரத்துக்குள்ளே பிடி தளர்ந்தது. ஒரு விரல். இன்னொரு விரல்.

அவன் இன்னும் சத்தமாகச் சிரித்தான்.